லாபிஸ் ஆற்றங்கரையில் என் பெயர்

நான் மலாயாவிலிருக்கும் ஜோகூருக்குக் கப்பலேறியது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் அம்மா தலையில் பூ வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்று கேட்டுக்கொண்டு வருவதற்காக.

வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், துறையூர்ப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குக் கங்காணி ஒருவன் வந்து, ரப்பர்த் தோட்டத்து வேலைக்கு ஒரு கூட்டத்தைக் கூட்டிப்போனான். அதில் என் அப்பாவும் ஒருவர். எனக்கு அப்போது நடை பழகும் வயது. சில வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றது, நாங்கள் போட்டதற்கும் பதில் இல்லை. அம்மா தாலியைக் கழற்றவும் இல்லை, மஞ்சள் பூசிக் குளித்து நான் பார்த்ததும் இல்லை. பூக்காரியிடம் ஒரு முழம் வாங்குவாள். வாங்கியதைச் சாமி படத்துக்குப் போட்டுவிடுவாள். அமாவாசைக்கு அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடலாமே என்று நான் வாயெடுத்தால் மட்டும் சண்டைக்கு வருவாள். "உசிரோட இருக்கிற மனுசனுக்கு எள்ளு இறைக்கிறதா? நாக்கைக் கழுவுடா" என்பாள்.

எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் தாய்மாமன் வெற்றிலையை மென்றுகொண்டே, "சம்பந்தியம்மா மணையில நிப்பாங்களா, ஒதுங்கி நிப்பாங்களா?" என்று கேட்டார். அடுப்படியிலிருந்த அம்மா காதில் அது விழுந்துவிட்டது. அவர்கள் போனபின் என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ போய்ப் பாத்துட்டு வந்துரு. இருந்தா கையப் புடிச்சுக் கூட்டியா. இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. ரெண்டுங்கெட்டானா நின்னு நின்னு எனக்குக் காலு வலிக்குது."

எனக்கு ரயிலடியில் சரக்குக் குமாஸ்தா உத்தியோகம். லீவு எழுதிப் போட்டேன். துப்பு என்று கையிலிருந்தது ஒன்றே ஒன்று. ரப்பர் விலை விழுந்த காலத்தில் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "உங்கப்பனை லாபிஸ்ல தூரத்துல பாத்திருக்கேன், பேச வாய்க்கல. இரும்புப்பாலத் தோட்டம்" என்று எப்போதோ சொல்லியிருந்தார். அந்தத் தோட்டத்து ஆபீசுக்கு நான் கடிதம் எழுதினேன். வேலாயுதம் என்ற பெயரில் இங்கே யாரும் இல்லை, இருந்ததும் இல்லை என்று பதில் வந்தது. அம்மா அதை நம்பவில்லை. எனக்குப் பாதி நம்பிக்கை. நான் ரசீதோடு பிழைக்கிறவன்.

கப்பலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மேல்தட்டில் மனிதர்களைக் கருவாடு காயப்போட்ட மாதிரி போட்டிருந்தார்கள், சாப்பாட்டுக்கும் கருவாடுதான். சிங்கப்பூரில் அம்மை இருக்கிறதா என்று பார்க்க எங்களைத் தீவு ஒன்றில் அடைத்து வைத்தார்கள். அங்கே கொடுத்த பருப்புத் தண்ணீரைக் குடித்தபோது, எங்கள் ஊர்ச் சாவடிக் கஞ்சியைக் குறை சொன்ன வாயை நானே திட்டிக்கொண்டேன்.

ஜோகூருக்குள் ரயில் கடல்மேலேயே போகிறது. குறுக்கே கல்லைக் கொட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். ரயில்வேக்காரன் என்ற முறையில் தலையை வெளியே நீட்டி வாய் பிளந்து பார்த்தேன். கரித்தூள் கண்ணில் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ராவுத்தர் சிரித்தார். தொண்டிக்காரர், லாபிஸில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். நான் வந்த காரியத்தை அவரிடம் சொன்னேன். சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"உங்க அத்தாவைத் தேடியா? இங்க தொலைஞ்ச ஆளுங்க ரொம்பப் பேரு தம்பி. தொலையணும்னே வந்தவங்களும் உண்டு" என்றார்.

அந்த இரண்டாவது வார்த்தைதான் இத்தனை வருஷமாக எனக்குள் இருந்த பயம். அதை ஒரு அந்நியர் இத்தனை லேசாகச் சொன்னது சுருக்கென்றது. காற்றாட நிற்கலாம் என்று குளுவாங் ஸ்டேஷனில் இறங்கினேன். சீனன் கடையில் கெட்டிப்பால் ஊற்றிய காப்பியும், வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டியும் இருந்தன. காப்பியில் பாதி சர்க்கரை. ஆனாலும் இரண்டாவது கோப்பை கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரயில் போய்விட்டது. ரயில்வே உத்தியோகஸ்தன் ரயிலைக் கோட்டைவிட்டேன் என்று ஊரில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. ஜன்னலிலிருந்து ராவுத்தர், "அலமாக்! தம்பி, பொட்டியை நான் பாத்துக்கிறேன்!" என்று மலாய்க்காரர் பாணியில் பதறிக் கத்தியது மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் அன்னாசிப்பழம் ஏற்றிய லாரி ஒன்று அந்தப் பக்கம் போகிறதென்று ஏற்றிவிட்டார்கள். மழை. பழங்களின்மேல் தார்ப்பாயைப் போர்த்தி, தார்ப்பாயின்மேல் என்னை உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஓயாமல் ரப்பர் மரங்கள். நெடுக வரிசை பிடித்து நின்றன, ஒவ்வொன்றிலும் பால் வடியச் சிரட்டை கட்டியிருந்தது. எங்கள் ஊரில் மரம் என்றால் அதற்கு ஒரு அடையாளம் உண்டு. பிள்ளையார் வேம்பு, வண்ணான் துறைப் புளி என்று சொல்லலாம். இங்கே ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. இதற்குள் வந்த ஒரு மனிதரை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று முதல்தடவையாக அழுகை வந்தது. மழையில் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது.

லாபிஸில் ராவுத்தர் கடை வாசலில் என் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஒரு நாள் கழிச்சு வந்ததும் நல்லதுக்குத்தான். இன்னிக்கு ஆடி அமாவாசை, தோட்டத்துல அரைநாள் லீவு. ஜனங்க எல்லாரும் ஆத்துலதான் இருப்பாங்க. நேத்து வந்திருந்தா அத்தனை பேரும் காட்டுக்குள்ள பால் வெட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க" என்றார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இரும்புப்பாலம் வரைக்கும் சடக்கில் என்னோடு நடந்தே வந்தார். சாலையை அங்கே சடக்கு என்கிறார்கள். பாலத்தருகே, "இனி உங்க காரியம்" என்று சொல்லித் திரும்பிக்கொண்டார். முந்தின நாள் சொன்ன வார்த்தைக்காக அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அதோடு போயிற்று.

முதலில் ஆபீசுக்குப் போனேன். தோட்டத்துக் குமாஸ்தாவைக் கிராணி என்கிறார்கள். அவர் நல்ல மனிதர்தான். லீவு நாளிலும் எனக்காகப் பேரேடுகளை இறக்கி வைத்து, வருஷம் வருஷமாகப் புரட்டினார். வேலாயுதம் இல்லை. இறந்தவர்கள் பதிவிலும் இல்லை.

"பேர்ப்பதிவுல இல்லாத ஆள் இந்தத் தோட்டத்துல ஒருநாளும் வேலை செஞ்சிருக்க முடியாது" என்றார்.

என்னால் அவரோடு வாதாட முடியவில்லை. நானும் ரயிலடியில் இப்படித்தான் சொல்வேன், ரசீதில் இல்லாத மூட்டை வரவே இல்லை என்று. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். ஊருக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது? மறுபடியும் தெரியாது என்றுதான். அவள் மறுபடியும் நின்றுகொண்டே இருப்பாள். கால் தானாக ஆற்றுப் பக்கம் நடந்தது. உடம்பெல்லாம் அன்னாசிப் பிசுக்கு. ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

பாலத்துக்குக் கீழே கூட்டம். ஒரு பண்டாரம் கரையில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தர்ப்பையைக் கையில் மாட்டி, எள்ளும் தண்ணீரும் விடவைத்துக்கொண்டிருந்தார். எங்கள் காவிரிக்கரையில் நடப்பதுபோலத்தான், ஐயர் இல்லாத குறை ஒன்றுதான். நான் கொஞ்சம் தள்ளி இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். தண்ணீர் தேநீர் நிறம், நல்ல குளிர்ச்சி.

அடுத்து ஒரு பையன் உட்கார்ந்தான். பதினாறு பதினேழு இருக்கும். மீசை அரும்பியும் அரும்பாமலும் இருந்தது.

"அப்பன் பேரு?" என்றார் பண்டாரம்.

"வேலாயுதம்."

அந்தப் பெயர் ஊருக்கு நூறு பேருக்கு இருக்கும் என்று மனதை அடக்கினேன்.

"பாட்டன்?"

"ஆண்டியப்பன்."

"பூட்டன்?"

"மருதமுத்து."

நான் தண்ணீரில் அப்படியே நின்றேன். அது என் வம்சம். என் அப்பா, என் தாத்தா, அவருடைய அப்பா. இந்த வரிசையில் இந்த மூன்று பெயரையும் சொல்ல உலகத்தில் நான் ஒருவன்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். என் அப்பா செத்துவிட்டார் என்பதை நான் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

பையன் மூன்றுமுறை தண்ணீர் விட்டான். எழுந்திருக்கவில்லை. "இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க சாமி" என்றான்.

"சொல்லு."

"பெரியம்மா செல்லம்மா. அண்ணன் ஆண்டியப்பன்."

செல்லம்மாள் என் அம்மா. ஆண்டியப்பன் நான். எங்கள் வழக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். என் அம்மாவுக்கென்று அவன் எள்ளைக் கையில் அள்ளிக்கொண்டான். பண்டாரம் செம்பைச் சாய்க்கப் போனார்.

"விடாதே!" என்று கத்தினேன். "அந்தத் தண்ணியை விடாதே! அவங்க உசிரோட இருக்காங்க!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பண்டாரத்துக்குக் கோபம். "யாருய்யா நீ, சடங்கு நடுவுல?" என்றார். நான் தண்ணீரை அடித்துக்கொண்டு போய்ப் பையனின் கையைப் பிடித்தேன். மூடிய விரல்களுக்குள் எள் இருந்தது.

"நான்தான் ஆண்டியப்பன். துறையூர்ப் பக்கம். செல்லம்மா மகன்" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "என் பேரும் ஆண்டியப்பன்தாங்க" என்றான்.

பண்டாரம் கெட்டிக்காரர். ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டார். பையன் கையிலிருந்த எள்ளை ஒரு இலையில் தட்டி ஒதுக்கி வைத்தார். என்னைப் பார்த்து, "சேதி கேட்டாச்சுல்ல, முதல்ல முங்கிட்டு வா. அப்புறம் அப்பனுக்கு நீ விடு. சின்னவன் விட்டிருந்தாலும் மூத்தவன் கையாலயும் போகணும்" என்றார். பையன் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். முங்கி எழுந்து உட்கார்ந்தேன். அத்தனை வருஷமாக அம்மா விடாதே என்று தடுத்த எள்ளும் தண்ணீரும் அந்நிய ஆற்றில் என் கையிலிருந்து இறங்கின. எனக்கு அப்பாவின் முகம் ஞாபகமே இல்லை. அதை நினைத்துத்தான் அழுதேன்.

அவர்கள் வீடு லயத்தில் இருந்தது. ஒரே கூரையின்கீழ் ரயில் பெட்டிகளைப்போலக் கோத்துக் கட்டிய அறைகள். வாசலில் நின்ற பெண்ணிடம் பையன் போய் ஏதோ சொன்னான். அவள் என் முகத்தைப் பார்த்து, உடனே கீழே பார்த்தாள். பெயர் அஞ்சலை. வெள்ளைச் சேலை, இடது கையில் பால் வெட்டும் கத்தி கீறிய தழும்பு. "உள்ள வாங்க" என்றாள்.

உள்ளே படையல் போட்டிருந்தது. மூன்று இலை. பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய், வடை, அன்னாசி போட்ட ரசம். ஒரு இலை அப்பாவுக்கு. மற்ற இரண்டும் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவள் குனிந்து அந்த இரண்டு இலைகளையும் அவசரமாகச் சுருட்டி எடுத்தாள். ரசம் தரையில் கொட்டியது.

"அது உசிரோட இருக்கிறவங்க தொடக்கூடாத சோறு. உங்களுக்கு வேற இலை போடுறேன்" என்றாள்.

புது இலையில் சுடுசோறு போட்டாள். சாப்பிடாமல் எழுந்தால் அவள் தாங்கமாட்டாள் என்று தோன்றியது, சாப்பிட்டேன். கூட்டில் தேங்காய் அதிகம். நன்றாக இருந்தது.

அவள் சுவரோரம் உட்கார்ந்து சொன்னாள். "விஷக்காய்ச்சல் வந்து சனம் கொத்துக்கொத்தா செத்த வருசம், உங்க பக்கத்து ஆளு ஒருத்தர் அப்ப நாங்க இருந்த தோட்டத்துக்குப் புதுசா வந்தாரு. 'உன் வீடு பூட்டிக் கெடக்கு, ஒரு குஞ்சு இல்ல, தெருவே போயிருச்சு'ன்னு சொல்லிட்டாரு. அதைக் கேட்டு உங்கப்பா காயிதம் போட்டாரு. பதிலே இல்ல. மொட்டை அடிச்சு, ஆத்துல முழுகி, ரெண்டு பேருக்கும் காரியம் பண்ணினாரு. அதுக்கப்புறந்தாங்க என்னையக் கட்டினது. அவங்க இருக்கும்போது நான் வரல. சாமி சத்தியமா வரல."

வீடு பூட்டிக் கிடந்தது நிஜம். காய்ச்சலுக்குப் பயந்து அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு மாமா ஊருக்கு ஓடி, வெகுநாள் கழித்துத்தான் திரும்பினாள். எங்களைக் காப்பாற்றிய பூட்டு அது. அந்தப் பூட்டுதான் அங்கே எங்களைக் கொன்றும்விட்டது. தொலையவேண்டும் என்று வந்தவரல்ல என் அப்பா. தன் கையாலேயே எனக்குக் கருமாதி செய்தவர்.

"அப்படின்னா ஆபீஸ் பதிவுல ஏன் பேர் இல்ல?" என்று கேட்டேன்.

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள். பையன்தான் சொன்னான். "அது எங்கம்மா பண்ணின வேலைண்ணே. கல்யாணம் ஆன கையோட இந்தத் தோட்டத்துக்கு வந்தாங்க. வந்த அன்னிக்கே அப்பாவுக்குக் காய்ச்சல், எழுந்திரிக்க முடியல. பேர் பதிய அம்மா மட்டும் போனாங்க. அப்ப இருந்த கிராணி வேற ஆளு. புருசன் பேரைக் கேட்டிருக்காரு. இவங்க எப்படிச் சொல்லுவாங்க? ஆபீஸ் எதிர்ல இருக்கிற கோயில் வேல் பக்கம் கையக் காட்டியிருக்காங்க. அவரு முருகன்னு எழுதிட்டாரு. கடைசிவரைக்கும் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல முருகன்னு கூப்பிட்டா அப்பா கையத் தூக்குவாரு. செத்தப்பவும் முருகன்னுதான் எழுதினாங்க."

"மாத்தச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். 'ஊர்ல அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட யாரு இருக்கா, போகுது போ'ன்னுட்டாரு" என்றாள் அஞ்சலை.

அப்பா நான்கு வருஷத்துக்கு முன், பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் போயிருக்கிறார். நெஞ்சுவலி. கொள்ளி வைத்தது பையன். அவனை அஞ்சலை தங்கம் என்றே கூப்பிடுவதைக் கவனித்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"மாமனாரு பேராச்சே" என்றாள். "நான் பாத்ததில்ல. அதுக்காக வாயில வெச்சுடலாமா?"

புறப்படும்போது அவள் வாசல்வரை வந்தாள். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா?"

"ஒரு மாமா இருக்கார்."

"அப்ப கோடி போட ஆளிருக்கு" என்றாள். தாலி இறக்கும் நாளில் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்தும் புதுச் சேலைதான் கோடி. "எனக்கு யாரும் இல்ல. பொறந்ததே தோட்டத்துல, அப்பன் ஆத்தா அப்பவே போயிட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரி அவ கட்டின சேலையில ஒண்ணைக் குடுத்தா. அதைப் போத்தித்தான் இறக்கினாங்க. அக்காகிட்ட..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. நானும் நிற்கவில்லை.

தம்பி ஸ்டேஷன்வரை பெட்டியைத் தூக்கி வந்தான். ரயில் நகரும்போது, "அண்ணே, பேரை நான் மாத்திக்கணுமா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் நல்ல பதில் சொல்லியிருக்கலாம். "வேண்டாம்டா, வேண்டாம்டா" என்று திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வந்தது.

திரும்பும் கப்பலில் எனக்கு ஒரே யோசனை. அஞ்சலையையும் பையனையும் பற்றி அம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா? சொன்னால் ஒரு துக்கம் இரண்டாகும். மறைத்தால் அப்பா எங்களை மறந்துவிட்டார் என்றே அவள் சாகும்வரை நினைப்பாள். நாகப்பட்டினத்தில் இறங்கியதும் நாவிதனிடம் போய்த் தலையை மழித்துக்கொண்டேன். செத்துவிட்டார் என்று வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். என் தலையைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். அலறவில்லை.

"எப்போ?"

சொன்னேன்.

"கொள்ளி யாரு வெச்சது?"

இங்கேயே பொய் சொல்லலாம். முடியவில்லை. "மகன்" என்றேன்.

முறத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். "பேரு?"

"என் பேருதாம்மா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய வீடு, மொட்டை, மூன்று இலை, கோயில் வேல், பக்கத்து வீட்டுக்காரியின் பழைய சேலை. பூட்டு என்று நான் சொன்னபோது மட்டும் அவள் நெற்றியில் அறைந்துகொண்டாள். "நான்தானே பூட்டினேன், இந்தக் கையாலதானே பூட்டினேன்" என்றாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ அந்தப் புள்ளையப் பேரு சொல்லிக் கூப்பிடுறாளா?"

"இல்லம்மா. தங்கம்னுதான்."

அம்மா தலையை ஆட்டினாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். யாரோ ஒப்பாரியை எடுத்தார்கள். பெரியவர் ஒருவர், மாமா ஊருக்கு உடனே ஆள் போகவேண்டும், கோடி வந்தால்தான் மற்றது நடக்கும் என்றார். நான் செருப்பை மாட்டினேன். அம்மா என் வேட்டி நுனியைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்க மாமாகிட்டச் சொல்லு. கோடி ஒண்ணு இல்ல, ரெண்டா எடுத்துட்டு வரச் சொல்லு."